பாரமும் நுட்பமும்: துகள் உணர்கருவிகளின் தாங்கு கட்டமைப்பு குறித்து ஓர் ஆய்வு

துகள் உணர்கருவி என்பது, கண்ணுக்குப் புலப்படாத ஒரு துகள் பொருளினூடே கடந்து போகும்போது விட்டுச்செல்லும் மின்னேற்றத்தையோ ஒளிச்சிமிட்டலையோ பதிவுசெய்து, அத்துகள் வந்த திசையையும் அதன் ஆற்றலையும் கணக்கிட உதவும் கருவி. அதைப் பற்றிய உரையாடல்களில் உணர்பொருளும் மின்னணுச் சுற்றுகளும் கணினிப் பகுப்பாய்வும் முதன்மை பெறுகின்றன. அவை அனைத்தையும் உரிய இடத்தில், உரிய கோணத்தில், பத்து இருபது ஆண்டுகள் பிடித்து நிற்கும் தாங்கு கட்டமைப்போ பட்டறை வேலையாகக் கருதப்பட்டுப் பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறது. ஆனால் கோலார் தங்கச் சுரங்கத்தில் 1960களில் நிறுவப்பட்ட கருவிகள் முதல், தேனி மாவட்டம் பொட்டிப்புரத்துக்கெனத் திட்டமிடப்பட்ட 50,000 டன் இரும்புக் கருவி வரை, இந்தியா முயன்ற நிலத்தடிச் சோதனைகளின் வடிவமைப்பைக் கூர்ந்து பார்த்தால், எந்தப் பாரத்தை எந்தப் பொருளால் எந்தத் திசையில் தாங்குவது என்ற கேள்விக்குத் தரப்பட்ட விடைதான் அக்கருவி எதைக் காணும், எதைக் காணாது என்பதையும் பெருமளவுக்குத் தீர்மானித்திருக்கிறது என்பது விளங்கும்.

இக்கேள்வியின் கடினம் ஓர் அடிப்படை முரணிலிருந்து பிறக்கிறது. பாலத்தையோ கோபுரத்தையோ கட்டும் பொறியாளருக்குப் போதிய வலிமை கிட்டாவிட்டால் இன்னும் கொஞ்சம் எஃகைச் சேர்க்கும் உரிமை உண்டு. உணர்கருவியை வடிவமைப்பவருக்கு அந்த உரிமை இல்லை. சேர்க்கப்படும் ஒவ்வொரு கிராம் பொருளும் துகளின் பாதையில் குறுக்கிட்டு, அதைச் சிதறடித்து அல்லது விழுங்கி, அளவீட்டைக் கெடுக்கும். இந்தக் குறுக்கீட்டை அளக்க இயற்பியலாளர்கள் கையாளும் அளவுகோலுக்குக் கதிர்வீச்சு நீளம் என்று பெயர்: உயர் ஆற்றல் கொண்ட எலக்ட்ரான் ஒன்று, கதிர்வீச்சின் வழியாகத் தன் ஆற்றலை இழந்து, தொடக்க ஆற்றலில் ஏறத்தாழ 37 விழுக்காட்டை மட்டும் மிச்சம் வைத்திருக்கும் அளவுக்குப் பொருளினுள் கடக்கும் சராசரித் தொலைவு அது. ஈயத்தில் அது 0.56 செ.மீ., இரும்பில் 1.76 செ.மீ., அலுமினியத்தில் 8.9 செ.மீ., பெரிலியத்தில் 35 செ.மீ. மோதல் புள்ளியை ஒட்டி நிற்கும் நுண்தடக் கருவிகளில் பெரிலியக் குழாய்களும் கார்பன் இழைச் சட்டங்களும் கையாளப்படுவதற்கும், அங்கே எஃகுத் திருகு ஒன்றுகூட விவாதிக்கப்பட்டே அனுமதிக்கப்படுவதற்கும் இந்த எண்களே காரணம். அந்த இடத்தில் தாங்கி என்பது இருந்தும் இல்லாததுபோல் இருக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான கோடியில் நிற்பவை நியூட்ரினோ கருவிகள். நியூட்ரினோ பொருளுடன் மிக மிக அரிதாகவே வினைபுரியும் என்பதால், கருவியின் பொருண்மை கூடக் கூடவே பிடிபடும் நிகழ்வுகளும் கூடும்; அங்கே எடை வேண்டாத சுமையாக இல்லாமல், தேடிச் சேர்க்கப்படும் செல்வமாகிவிடுகிறது. தாங்குவதும் தாங்கப்படுவதும் அளப்பதும் ஒரே இரும்பாக அமைவது இவ்வகைக் கருவிகளின் தனித்தன்மை. இந்தியாவின் பங்களிப்பு பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில் இருப்பதால், இக்கட்டுரையின் கவனமும் அதன்மீதே கூடுதலாகப் படிகிறது.

கோலார் காட்டிய வழி

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கி உழைத்த சுரங்கங்கள் உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் அடங்கும். தரைமட்டத்தில் மழைபோல் பொழியும் அண்டக்கதிர் மியூவான்கள் 2 கி.மீ.க்கும் கூடுதலான பாறையைக் கடந்து வருவது மிக அரிது என்பதால், அந்த ஆழத்தில் கருவி வைத்தால், பின்னணி இரைச்சல் அடங்கிய சூழலில் நியூட்ரினோவின் மெல்லிய தடயத்தைத் தேட முடியும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவை இணைந்து, ஏறத்தாழ 2.3 கி.மீ. ஆழத்தில் நடத்திய சோதனையில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடயம் 1965ஆம் ஆண்டில் பதிவாயிற்று. எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன், வி.எஸ். நரசிம்மம், சாபுரோ மியாகே, ஆர்னால்ட் உல்ஃபெண்டேல் ஆகியோர் அம்முயற்சியோடு இணைத்து நினைக்கப்படும் பெயர்கள்.

அக்கருவியின் அமைப்பில் ஒரு செய்தி குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. சிண்டிலேட்டர் எனப்படும், துகள் பட்டதும் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகள் அங்கே தரையில் படுக்கவைக்கப்படாமல், செங்குத்துச் சுவர்களாக நிறுத்தப்பட்டு, அவற்றின் நடுவே நியான் வளிமக் குழாய்கள் அடுக்கப்பட்டிருந்தன. அண்டக்கதிரில் நேராக வந்து எஞ்சும் மியூவான்கள் அந்த ஆழத்திலும் பெரும்பாலும் மேலிருந்து கீழாகவே வரும். பக்கவாட்டில் கிடைமட்டமாக வரும் மியூவான் அத்தனை நீளப் பாறையைத் தானாகக் கடந்திருக்க இயலாது என்பதால், அது அருகிலுள்ள பாறையில் நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகவே இருக்க வேண்டும். ஆகவே சுவரை நிமிர்த்தி நிறுத்துவது என்ற முடிவு ஓர் இயற்பியல் வாதத்தின் நேரடி விளைவு. தாங்குசட்டம் எந்தத் திசையில் நிற்கிறதோ அந்தத் திசைக்கே கருவியின் கண் திறக்கிறது.

அதே சுரங்கத்தில் 1980இல் தொடங்கப்பட்ட புரோட்டான் சிதைவுச் சோதனை வேறொரு வடிவத்தை நாடிற்று. ஏறத்தாழ 140 டன் எடையுள்ள அக்கருவியில், 10 செ.மீ. சதுர முகம் கொண்ட இரும்புக் குழாய்களுக்குள் அமைந்த விகிதசமக் கணிப்பான்கள் 34 அடுக்குகளாக வைக்கப்பட்டு, அடுக்குகளின் இடையே 12 மி.மீ. இரும்புத் தகடுகள் இடப்பட்டன. விகிதசமக் கணிப்பான் என்பது, வளிமம் நிரப்பிய குழாயின் நடுவே உயர் மின்னழுத்தக் கம்பியை இழுத்துக் கட்டி, துகள் உண்டாக்கும் மின்னேற்றத்தைப் பெருக்கிப் பதிவுசெய்யும் கருவி. உணர்குழாயின் சுவரே இரும்பாக இருந்ததால் அது கருவியின் பொருண்மையிலும் ஒரு பங்காயிற்று. பின்னர் 260 டன்னில் இரண்டாவது கருவியும் அங்கே எழுந்தது. புரோட்டான் சிதைவு உறுதிப்படவில்லை. ஆயினும், கூண்டு வழியாக இறக்கக்கூடிய சிறு பாகங்களை மட்டுமே கொண்டு, வெக்கையும் ஈரமும் நிறைந்த சுரங்க அறைக்குள், பாறை வெடிப்புக்குப் பேர்போன ஓரிடத்தில், நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள நுண்கருவியைக் கட்டிப் பல்லாண்டுகள் இயக்கும் திறமை இந்நாட்டில் வளர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் சோதனைகள் நின்றன. 2001 பிப்ரவரியில் சுரங்கமும் மூடப்பட்டது. அத்திறமையைக் கையேடாகவும் வரைபடமாகவும் தொகுத்துப் பாதுகாக்கும் முயற்சி போதிய அளவு நடக்காமல் போனது வருந்தத்தக்க இழப்பு.

ஐம்பதாயிரம் டன்னின் கணக்கு

கோலாரின் தொடர்ச்சியாக எண்ணப்பட்டதே இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டம். அதன் மையக் கருவிக்குக் காந்தமூட்டப்பட்ட இரும்புக் கலோரிமீட்டர், சுருக்கமாக ஐகால், என்று பெயர். கலோரிமீட்டர் என்ற சொல் இங்கே துகளின் ஆற்றலை உள்வாங்கி அளக்கும் கருவியைக் குறிக்கிறது. ஒவ்வொன்றும் 16 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம், ஏறத்தாழ 14.5 மீட்டர் உயரம் கொண்ட மூன்று கூறுகள் வரிசையாக நிற்க, ஒவ்வொரு கூறிலும் 56 மி.மீ. தடிப்புள்ள மென்னிரும்புத் தகடுகள் 151 அடுக்குகளாகவும், அடுத்தடுத்த அடுக்குகளின் இடையே 40 மி.மீ. இடைவெளிகள் 150ஆகவும் அமைய வேண்டும் என்பது திட்டம். அந்த இடைவெளிகளில் மின்தடைத் தகட்டு அறைகள் எனப்படும், ஏறத்தாழ 2 மீட்டர் சதுரமான கண்ணாடி உணர்பெட்டிகள் செருகப்படும். மூன்று கூறுகளுக்கும் சேர்த்து அவற்றின் எண்ணிக்கை 28,800. தகடுகளைச் சுற்றி ஓடும் செப்புக் கம்பிச்சுருள்கள் இரும்புக்குள் ஏறத்தாழ 1.5 டெஸ்லா காந்தப்புலத்தை உண்டாக்கும். நியூட்ரினோ இரும்பில் மோதிப் பிறக்கும் மியூவான் அந்தப் புலத்தில் எந்தப் பக்கம் வளைகிறது என்பதைக் கொண்டு, வந்தது நியூட்ரினோவா எதிர்நியூட்ரினோவா என்று பிரித்தறிவதும், அதன் வழியாக நியூட்ரினோ நிறைகளின் வரிசை எத்தகையது என்று கண்டறிவதும் நோக்கம்.

இந்த எண்களைக் கொண்டு யாரும் செய்துபார்க்கக்கூடிய சில எளிய கணக்குகள், தாங்கு கட்டமைப்பின் சிக்கலை நீண்ட விளக்கங்களைவிடத் தெளிவாகக் காட்டும். 151 தகடுகளின் தடிப்பும் 150 இடைவெளிகளும் சேர்ந்து 14,456 மி.மீ. ஆகின்றன, திட்டத்தின் 14.5 மீட்டர் இதுதான். இரும்பின் அடர்த்தியைக் கனமீட்டருக்கு 7.85 டன் என்று கொண்டால் ஒரு கூறின் எடை ஏறத்தாழ 17,000 டன். அது 256 சதுர மீட்டர் தரையில் அமர்வதால், சதுர மீட்டருக்குச் சராசரி 66 டன் பாரம் விழுகிறது. கடினப் பாறை தாங்கும் வலிமையோடு ஒப்பிட்டால் இது சிறிய அழுத்தமே. ஆனால் பாரம் பரவலாக இறங்குவதில்லை. இடைவெளிகளில் கண்ணாடிப் பெட்டிகள் இருப்பதால், ஒரு தகட்டின் எடை அடுத்த தகட்டுக்கு இடைத்தாங்கிகள் வழியாக மட்டுமே செல்ல முடியும். ஸ்பேசர் என்று பட்டறைகளில் வழங்கும் இந்த இடைத்தாங்கிகள் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் 2 மீட்டருக்கு ஒன்றாக வைக்கப்படுவதால், உள்பகுதியிலுள்ள ஒவ்வொரு தாங்கிக் கோடும் 4 சதுர மீட்டர்ப் பரப்பின் பாரத்தை, அதாவது அடிமட்டத்தில் ஏறத்தாழ 265 டன்னை, ஏற்க வேண்டியிருக்கிறது.

அந்த 265 டன் 10 செ.மீ. சதுரமுள்ள ஒரு தாங்கியின்மீது இறங்கினால், ஓரலகுப் பரப்பில் ஏற்படும் விசையான தகைவு ஏறத்தாழ 260 மெகாபாஸ்கல் ஆகும். வழக்கமான துருப்பிடிக்கா எஃகு 205 மெகாபாஸ்கல் அளவிலேயே நிலையாக உருமாறத் தொடங்கிவிடும். தாங்கியை 20 செ.மீ. சதுரமாக்கினால் தகைவு 65 மெகாபாஸ்கலுக்கு இறங்கி அச்சம் நீங்கும்; ஆனால் 4 சதுர மீட்டரில் நூற்றில் ஒரு பங்கு இடம் உணர்பெட்டி வைக்க முடியாத குருட்டு இடமாகிவிடும். இவை வடிவமைப்பாளர்களின் இறுதிக் கணக்குகள் அல்ல. சிக்கலின் அளவைக் காட்டும் தோராயங்கள். வலிமை வேண்டினால் பார்வை குறையும், பார்வை வேண்டினால் வலிமை குறையும் என்ற இழுபறி இந்த ஒரு சிறு உலோகத் துண்டுக்குள் அடங்கியிருக்கிறது. மேலும் அத்துண்டு காந்தத்தால் ஈர்க்கப்படாத எஃகினால் ஆனதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகட்டுக்குள் ஓட வேண்டிய காந்தப்பாயம் தாங்கி வழியாக மேலும் கீழும் கசிந்து, புலத்தின் சீர்மையைக் குலைக்கும்.

தகடு தன் எடையாலேயே நடுவில் தாழ்வதைத் தொய்வு என்கிறோம். நான்கு மூலைகளிலும் தாங்கப்பட்ட 2 மீட்டர் சதுரத்தில், 56 மி.மீ. இரும்புத் தகடு நடுவில் ஏறத்தாழ அரை மி.மீ. தொய்யும். இந்தத் தொய்வு தாங்கிகளுக்கிடையேயான தொலைவின் நான்காம் அடுக்கைப் பொறுத்து வளர்வதால், தொலைவை 4 மீட்டராக இரட்டித்தால் அது பதினாறு மடங்காகி 8 மி.மீ.யைத் தொடும். 40 மி.மீ. இடைவெளியில் ஏறத்தாழ 24 மி.மீ. தடிப்புள்ள கண்ணாடிப் பெட்டி நுழைந்து வெளிவர வேண்டும், அதற்கான மின்கம்பிகளும் வளிமக் குழாய்களும் அங்கேயே ஓட வேண்டும் என்ற நிலையில், 8 மி.மீ. தொய்வை ஏற்க இயலாது. 2 மீட்டர் என்ற தொலைவு ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்கு இந்த நான்காம் அடுக்கு பெரும் விளக்கம் தருகிறது. பெட்டிகள் உள்ளே சென்று திரும்பும் 2 மீட்டர் அகலப் பாதைகளைத் திட்டத்தினர் சாலைகள் என்றே அழைக்கின்றனர். பழுதான பெட்டியை இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் மேசை இழுப்பறையைப் போல வெளியே இழுக்க முடிய வேண்டும் என்பதால், அச்சாலைகள் வளையாமலும் குறுகாமலும் இருந்தாக வேண்டும்.

அடுக்கி எழுப்பும் எந்த வேலையிலும் சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். தகடுகளும் இடைத்தாங்கிகளுமாக 301 நிலைகள் உள்ள இந்த அடுக்கில், ஒவ்வொரு துண்டும் 0.1 மி.மீ. கூடுதல் தடிப்பாக ஒரே பக்கம் பிழைத்தால், உச்சியில் 30 மி.மீ. வேறுபாடு எழும், பிழைகள் கூடியும் குறைந்தும் தற்செயலாக அமைந்தால் அது 2 மி.மீ.க்கும் கீழே நின்றுவிடும். ஆகவே உருட்டாலையில் ஒரே தொகுதியாக உருட்டப்பட்ட தகடுகளை ஒரே பக்கமாக அடுக்காமல் கலந்து அடுக்குவதும், சில அடுக்குகளுக்கு ஒருமுறை மட்டம் பார்த்துத் திருத்துவதும் பொறியியலின் உயிர்நாடி. கொத்தனார் ஐந்தாறு வரிசைக்கு ஒருமுறை தூக்குக்குண்டு பிடிப்பதன் பொருளும் இதுவே.

காந்தமும் கண்ணாடியும்

எடை ஒரு பக்கம் இருக்க, காந்தப்புலம் தனக்கேயுரிய விசைகளைக் கொண்டுவருகிறது. ஓர் அடுக்கு முழுவதையும் ஒரே தகடாக உருட்டுவது இயலாது. 4 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.5 டன் எடையுள்ள துண்டுகளைப் பக்கம் பக்கமாகப் பதித்தே 16 மீட்டர் சதுரம் நிரப்பப்படும். இந்த அளவு லாரியும் கிரேனும் சுரங்கப்பாதையும் சேர்ந்து விதித்த அளவு. துண்டுகள் சேரும் விளிம்பில் இடைவெளி இருந்தால், காந்தப்பாயம் அதைக் கடக்கக் கூடுதல் மின்னோட்டம் கேட்கும்: 1.5 டெஸ்லா புலம் 1 மி.மீ. காற்றிடைவெளியைக் கடக்க மட்டுமே ஏறத்தாழ 1,200 ஆம்பியர்-சுற்றுகள் செலவாகின்றன. அந்த விளிம்புகளில் தகடுகள் ஒன்றையொன்று இழுக்கும் விசை, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 9 கிலோ, 56 மி.மீ. தடிப்புள்ள விளிம்பில் அது ஒரு மீட்டர் நீளத்துக்கு 5 டன் ஆகும். மின்சாரம் போடும்போதும் நிறுத்தும்போதும் இந்த இழுப்பு வந்து வந்து போவதால், தகடுகள் மெல்ல நகர்ந்துவிடாதபடி திருகுகளாலும் முளைகளாலும் பிணைக்கப்பட வேண்டும். கம்பிச்சுருள் நுழைவதற்கென்று தகடுகளில் வெட்டப்படும் நீண்ட பிளவுகள் அந்த இடத்தில் கட்டமைப்பின் தொடர்ச்சியை அறுப்பதால், அங்கே தனிக் கவனம் தேவைப்படுகிறது.

கண்ணாடிப் பெட்டியின் நிலை இதைவிட நுணுக்கமானது. 3 மி.மீ. தடிப்புள்ள இரண்டு கண்ணாடித் தகடுகள் 2 மி.மீ. இடைவெளியில், சிறு பொத்தான்கள் போன்ற பாலிகார்பனேட் துண்டுகளால் ஒட்டப்பட்டு, அதனிடையே வளிமக் கலவை மெதுவாக ஓட, 10,000 வோல்ட் அளவில் மின்னழுத்தம் தரப்படுகிறது. உள்ளே வளிம அழுத்தம் வெளிக்காற்றைவிட 1 செ.மீ. நீர்மட்ட அளவுக்குக் கூடினாலும், 3.6 சதுர மீட்டர்க் கண்ணாடியின்மீது 36 கிலோ விசை வெளிப்புறமாக விழுந்து, பொத்தான்களின் பசைப்பிடிப்பைச் சோதிக்கும். ஒரு பொத்தான் விட்டுப்போனால் அந்த இடத்தில் இடைவெளி மாறி, மின்புலமும் மாறி, பெட்டி பயனற்றதாகும். மேலே 17,000 டன் இரும்பைப் பற்றிக் கவலைப்படும் அதே வடிவமைப்பு, கீழே 36 கிலோவைப் பற்றியும் கவலைப்பட வேண்டியிருப்பதே இத்துறையின் இயல்பு. இரும்பின் பாரத்தில் ஒரு கிராம்கூடக் கண்ணாடிக்கு இறங்காதபடி, பெட்டி தன் தட்டில் தனியே அமர வேண்டும் என்பது இங்கு மீற முடியாத விதி.

அடுக்குவது, தொங்கவிடுவது, மிதப்பதைப் பிடித்து நிறுத்துவது

ஐகாலைப் போலவே காந்தமூட்டிய இரும்பைக் கையாண்ட அமெரிக்காவின் மினோஸ் சோதனை, மின்னசோட்டா மாநிலத்தின் சூடான் சுரங்கத்தில் 5,400 டன் கருவியை நிறுவியது. அங்கே 8 மீட்டர் அகலமுள்ள எண்கோண எஃகுத் தளங்கள் 486, கடையில் மாட்டியிருக்கும் புடவைகளைப் போல, இரு பக்கக் காதுகளால் தண்டவாளங்களில் செங்குத்தாகத் தொங்கவிடப்பட்டன. ஒவ்வொரு தளமும் தன் எடையை மட்டும் தானே சுமந்ததால், அடியில் இருப்பது மேலே உள்ள அனைத்தையும் சுமக்க வேண்டிய ஐகாலின் நெருக்கடி அங்கு எழவில்லை. இந்த எளிமையை ஐகால் ஏன் மேற்கொள்ளவில்லை என்பதற்கு விடை மீண்டும் இயற்பியலில் இருக்கிறது. மினோஸ் 735 கி.மீ. தொலைவிலுள்ள ஃபெர்மி ஆய்வகத்திலிருந்து ஏறத்தாழக் கிடைமட்டமாக வரும் நியூட்ரினோக் கற்றையை எதிர்நோக்கியது. அதற்குச் செங்குத்துத் தளங்களே பொருத்தம். ஐகால் காண விரும்புவதோ, தலைக்கு மேலுள்ள வளிமண்டலத்திலிருந்தும் பூமியின் மறுபுறத்திலிருந்து 12,000 கி.மீ.க்கும் கூடுதலான தொலைவைக் கடந்து காலடியிலிருந்தும் வரும் நியூட்ரினோக்களை. மேலும் கீழும் செல்லும் தடங்களைப் பல அடுக்குகளில் பதிய வேண்டுமானால் தகடுகள் படுத்தே கிடக்க வேண்டும். படுத்துக் கிடந்தால் ஒன்றன் பாரம் மற்றொன்றின்மேல் ஏறியே தீரும்.

சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிய ஜூனோ கருவி, பாரத்தின் திசையையே தலைகீழாக்கியது. 35.4 மீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் கோளத்துக்குள் 20,000 டன் சிண்டிலேட்டர் திரவம் அடங்கியிருக்க, கோளம் முழுவதும் தூய நீரில் மூழ்கியிருக்கிறது. உள்ளிருக்கும் திரவம் நீரைவிட இலேசானது என்பதால் கோளம் மேலே எழும்பப் பார்க்கும். அதைச் சுற்றியுள்ள எஃகுக் கூண்டிலிருந்து செல்லும் 590 இணைப்புத் தண்டுகள், நீர் நிரப்புவதற்கு முன் கோளத்தைத் தாங்கவும், நிரப்பிய பின் மிதந்துவிடாமல் பிடித்து நிறுத்தவும் என இரு வேலைகளைச் செய்கின்றன. நியூட்ரினோ நிறைவரிசை என்ற, ஐகால் எழுப்பிய அதே கேள்விக்கு வேறொரு வழியில் விடை தேடும் கருவி அது என்பதால், இந்திய வாசகர்கள் அதைக் கூடுதல் அக்கறையோடு கவனிப்பது இயல்பு.

மூன்று புள்ளிகளின் அறிவு

மண்ணடுப்பில் மூன்று கல் வைத்தால் பானை ஆடாது. நான்கு கல் வைத்தால் ஒன்று எப்போதும் குறையும் அல்லது மிஞ்சும். மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானித்துவிடுகின்றன என்ற இந்த வடிவியல் உண்மைதான், நுண்கருவிகளைத் தாங்குவதில் மிகப் பரவலாகக் கையாளப்படும் விதியும். ஒரு திண்பொருளுக்கு மூன்று திசைகளில் நகரவும் மூன்று அச்சுகளில் சுழலவும் ஆறு வகை உரிமைகள் உள்ளன. தாங்கிகள் மொத்தம் ஆறு தடைகளை மட்டும் விதித்தால் பொருள் தன் இடத்தில் நிற்கும், அதே நேரம் வெப்பத்தால் விரியவும் செய்யும். ஏழாவது தடையை விதித்தால் உள்ளுக்குள் வேண்டாத தகைவு பிறந்து, பொருள் முறுக்கிக்கொள்ளும்.

ஜெனீவாவுக்கு அருகே 27 கி.மீ. சுற்றளவில் அமைந்த பெரும் ஹாட்ரான் மோதுவியில், 15 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 35 டன் எடையும் கொண்ட 1,232 இருமுனைக் காந்தங்கள் ஒவ்வொன்றும் மூன்று ஜாக்கிகளின்மேல் அமர்ந்திருக்கின்றன. அந்த ஜாக்கிகள், பிற காந்தங்களுக்கானவையும் சேர்த்து ஏறத்தாழ 7,000, இந்தூரின் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தின் பொறுப்பில் இந்தியாவில் செய்து அனுப்பப்பட்டவை. பல டன் பாரத்தைத் தாங்கியபடியே ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு நுட்பத்தோடு நகர்த்தித் திருத்தக்கூடிய கருவிகள் அவை. ஹிக்ஸ் துகளைப் பற்றிய பெருமிதப் பேச்சுகளில் அவற்றின் பெயர் இடம்பெறுவது அரிது, இடம்பெற்றிருக்க வேண்டும்.

அதே மோதுவியின் சி.எம்.எஸ். கருவி, 14,000 டன் எடையோடு, பெரும்பகுதி தரைமேல் கட்டப்பட்டுப் பின்னர் 15 பெருங்கூறுகளாக 100 மீட்டர் ஆழத்துக்கு இறக்கப்பட்டது. அவற்றுள் மிகக் கனமானது ஏறத்தாழ 2,000 டன். அது 2007 பிப்ரவரி 28இல், பக்கச் சுவருக்கு வெறும் 20 செ.மீ. இடைவெளி விட்டு இறங்கிற்று. அக்கருவியின் வெளி ஹாட்ரான் கலோரிமீட்டருக்கான 10 மி.மீ. சிண்டிலேட்டர் ஓடுகளைத் தட்டுகளில் அடுக்கி, காந்த நுகத்தின் குறுகலான இடைவெளியில் பொருந்தும்படி செய்து தந்தவர்கள் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தையும் பஞ்சாப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த இந்தியக் குழுவினர். 3.8 டெஸ்லா காந்தத்தை இயக்கும்போது சி.எம்.எஸ். முனைத் தட்டுகள் ஆயிரக்கணக்கான டன் விசையால் உள்ளிழுக்கப்பட்டு, 10 மி.மீ.க்கும் மேல் வளைகின்றன. இந்த வளைவைத் தடுக்க முயலாமல், லேசர்க் கதிர்களாலும் கடந்துபோகும் மியூவான் தடங்களாலும் அதை அளந்து கணக்கில் சேர்த்துக்கொண்டதே அவ்வடிவமைப்பின் முதிர்ச்சி. துல்லியமாக வைப்பது வேறு, வைத்த இடத்தில் நிலைப்பது வேறு; பின்னது இருந்தால் முன்னதை அளவீட்டால் ஈடுகட்டலாம், பின்னது இல்லாவிட்டால் முன்னதால் பயனில்லை.

மோதல் புள்ளியை ஒட்டிய தடக் கருவிகளின் உலகம் வேறு. அதே மோதுவியில் நடக்கும் ஆலிஸ் சோதனையின் உள்தடக் கருவியில் ஓர் உள்ளடுக்கு முழுவதும், சிலிக்கான், குளிர்நீர்க் குழாய், தாங்குசட்டம் எல்லாம் சேர்ந்து, கதிர்வீச்சு நீளத்தில் ஏறத்தாழ 0.35 விழுக்காடு மட்டுமே. கார்பன் இழைகளை முக்கோணப் பின்னலாக முறுக்கிச் செய்த சில கிராம் எடையுள்ள சட்டங்களே அங்கே உத்தரங்கள். வெப்பத்தில் கார்பன் இழை ஏறக்குறைய விரிவதே இல்லை என்பது அதன் மற்றொரு சிறப்பு. ஒப்பிட்டால், 16 மீட்டர் எஃகு 10 டிகிரி வெப்ப உயர்வில் 2 மி.மீ. நீளும். ஐகாலுக்கு இது தாங்கக்கூடியதே. நிலத்தடிக் குகையில் வெப்பநிலை பெரிதும் மாறாது, காந்தச் சுருள்களின் வெப்பத்தைக் குளிர்நீர் எடுத்துச் சென்றால் போதும்.

பாறையும் மக்களும்

எந்தத் தாங்கியும் இறுதியில் ஒரு தரையில் முடிகிறது. ஐகாலுக்கான குகைக்கூடம் பொட்டிப்புரத்தை ஒட்டிய போடி மேற்கு மலையில், ஏறத்தாழ 2 கி.மீ. நீளச் சுரங்கப்பாதையின் முடிவில், எல்லாப் பக்கமும் குறைந்தது 1 கி.மீ. பாறை சூழ, 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமுமாகத் திட்டமிடப்பட்டது. அம்மலையின் பாறை சார்னோக்கைட். நீலகிரியிலும் பிளிகிரிரங்கன் மலைத்தொடரிலும் உள்ள அதே வகை இறுகிய பழம்பாறை. சதுர மீட்டருக்கு 66 டன்னை அது எளிதில் ஏற்கும். பொறியாளர் அஞ்ச வேண்டியது மொத்த அமிழ்வை அல்ல, ஏற்றத்தாழ்வான அமிழ்வை. கருவி முழுவதும் ஒரே சீராக 5 மி.மீ. இறங்கினால் கேடில்லை, அடுத்தடுத்த இரு தாங்கிகளில் ஒன்று மட்டும் 1 மி.மீ. இறங்கினால், தகட்டின் அரை மி.மீ. தொய்வைவிட இருமடங்கான சாய்வு அந்த ஒரு சாலையில் விழுந்து, பாரம் பக்கத்துத் தாங்கிகளுக்கு மாறும். நில அதிர்வும் கணக்கில் சேர வேண்டும். புவியீர்ப்பின் பத்தில் ஒரு பங்கு பக்கவாட்டு முடுக்கம் வந்தால்கூட ஒரு கூறின்மேல் 1,700 டன் பக்கவிசை விழும். உயரத்தைவிட அகலம் கூடிய அமைப்பு என்பதால் அது கவிழாது. ஆனால் ஒட்டாமல் அடுக்கிய நூற்றைம்பது தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காதிருக்க, உச்சி முதல் அடி வரை பிணைப்பு இருந்தாக வேண்டும்.

பாறை ஏற்றாலும் இடம் கிடைக்கவில்லை. முதலில் எண்ணப்பட்ட நீலகிரி சிங்காரா, யானை வழித்தடங்களும் முதுமலைப் புலிகள் காப்பகமும் அருகே இருந்ததால் 2009இல் மறுக்கப்பட்டது. பொட்டிப்புரத்துக்கு ஏறத்தாழ ரூ.1,500 கோடியில் மத்திய அரசின் ஒப்புதல் 2015 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டபோதும், வைகோ தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே ஆண்டு மார்ச்சில் இடைக்காலத் தடை விதித்தது. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மத்திய அமைச்சகம் சிறப்பு நிலையில் மீண்டும் அனுமதி தந்தது. மதிகெட்டான் – பெரியாறு புலி வழித்தடத்தையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீராதாரங்களையும் சுட்டி, திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று தமிழ்நாடு அரசு 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் பதிவுசெய்தது. நியூட்ரினோவால் ஊருக்கு ஆபத்து என்ற அச்சம் அறிவியல்படி ஆதாரமற்றது. அத்துகள் இப்போதும் ஒவ்வொருவர் உடலையும் நொடிக்குப் பல இலட்சம் கோடியாகக் கடந்துகொண்டிருக்கிறது. ஆனால் மலையைக் குடைவதும் பாறைச் சிதைவுகளைக் கொட்டுவதும் நிலத்தடி நீர் வழிகளைத் தொடுவதும் உண்மையான கேள்விகள். அவற்றுக்கான விடைகள் தகட்டின் தொய்வுக்குத் தரப்பட்ட அதே நுட்பத்தோடு, அந்த ஊரின் மொழியில், முதல் நாளிலிருந்தே மக்கள்முன் வைக்கப்பட்டிருக்க வேண்டும். அது நடக்காததே இத்திட்டத்தின் மிகப் பெரிய பொறியியல் குறை என்று கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் நடுவே உருப்பெற்றது மதுரையிலுள்ள சிறு ஐகால். 4 மீட்டர் சதுரத்தில், ஏறத்தாழ 85 டன் எடையில், 2018இல் இயங்கத் தொடங்கிய அக்கருவி, 56 மி.மீ. தகடுகளை 45 மி.மீ. இடைவெளிகளோடு அடுக்கி, 900 ஆம்பியர் மின்னோட்டத்தில் ஏறத்தாழ 1.4 டெஸ்லா புலத்தை எட்டியது. தகட்டு விளிம்புகளின் இடைவெளியில் புலத்தை அளப்பது, கண்ணாடிப் பெட்டிகளை உள்ளே செலுத்தி எடுப்பது, சுருள்களைக் குளிர்விப்பது ஆகியவை அங்கே கையால் செய்து கற்கப்பட்டன. ஆழமான மலை கிடைக்காவிட்டால் 100 மீட்டர் அளவிலான குறைந்த ஆழத்திலேனும் இத்தகைய கருவியை இயக்க முடியுமா என்று அறிய, அதன் மேலும் பக்கங்களிலும் மியூவான்களை இனங்கண்டு விலக்கும் சிண்டிலேட்டர்ப் போர்வை ஒன்றை அமைக்கும் பணியும் மேற்கொள்ளப்பட்டது. அப்போர்வைக்கும் ஒரு தாங்குசட்டம் தேவைப்பட்டது. ஆனால் 85 டன் கருவியின் அடித்தட்டு, 17,000 டன்னுக்குக் கீழே இருக்கும் இடைத்தாங்கியின் தகைவையோ, நூற்றைம்பது அடுக்குகளில் சேரும் பிழையையோ காட்டாது. அவற்றை அறிய இடைப்பட்ட அளவில் ஒரு பொறியியல் மாதிரி கட்டப்பட வேண்டும். அதற்கு மலை தேவையில்லை. சமதரையில் ஒரு கூடமும் ஒரு கிரேனும் போதும். வழக்குகளின் முடிவுக்குக் காத்திராமல் அதைக் கட்டுவது இன்றைய கடமை. ஐகாலுக்கென வரையப்பட்ட அடுக்குகள் 151; சிறு ஐகாலில் அடுக்கிப் பார்க்கப்பட்டவை பதினொன்று.